மெஷ் வைஃபையில் 2.4, 5 பேண்டுகளைப் பிரிக்கும் முன்: கோளாறைப் பார்த்து வழியைத் தேடுங்கள்

வீட்டு வைஃபையில் எது கோளாறானாலும் "பேண்டைப் பிரிச்சு விட்டுடுங்க, சரியாயிடும்" என்று சொல்ல ஒருவர் கிடைத்துவிடுகிறார். அதாவது வைஃபை ஓடும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளுக்கும் (பேண்டு) தனித்தனிப் பெயர் வைக்கச் சொல்கிறார். பல்பு சேரவில்லையா, மாடியில் வீடியோ சுற்றுகிறதா, பிரிண்டர் தெரியவில்லையா, எல்லாவற்றுக்கும் அதே யோசனைதான். வீட்டுக்கு ஒற்றை ரவுட்டர் இருந்தபோது அது பாதி நேரம் பலித்தது. வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்ப இரண்டு மூன்று பெட்டிகளை (நோட்) வைத்த மெஷ்ஷில் அதே யோசனை ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்டு வேறு இரண்டைக் கொண்டுவருகிறது.

அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையோடு நடமாடும் போன், டேப்லெட், லேப்டாப்புக்கு 2.4, 5 இரண்டும் ஒரே பெயரில் இருக்கட்டும். சுவரிலும் கூரையிலும் மாட்டிய, இடம் மாறாத பல்பு, பிளக், கேமரா, கீசர் சுவிட்ச் போன்றவற்றுக்கு 2.4 மட்டும் உள்ள தனிப் பெயர் ஒன்றைக் கூடுதலாகக் கொடுங்கள். இருக்கும் பெயரையே இரண்டாக வெட்டுவது கடைசி வழி. ஏன் என்பது கீழே ஒவ்வொரு கோளாறாகப் பார்க்கும்போது தெரியும்.

அடிப்படை இரண்டு வரியில்: 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி அதிக தூரம் போகும், வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதில்தான் நெரிகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் மூச்சு வாங்கும். மேல்மாடிக்கு நடுவில் இருக்கும் கான்கிரீட் தளம் இன்னும் மோசம். இரண்டு ஆன்டெனா உள்ள சாதாரணப் போன் ஒன்று, வைஃபை 5 தரத்தில் 5-இல் 866 எம்பிபிஎஸ் வரை இணைப்பு வேகம் காட்டும். அதே அளவு போன் வைஃபை 4 தரத்தில் 2.4-இல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 144-தான். கையில் வருவது இரண்டிலும் அதில் பாதியோ, கொஞ்சம் கூடவோ.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்

ஒன்று, ஃபைபர் கம்பெனி கொடுத்த மோடம். அதற்கும் சொந்தமாக வைஃபை உண்டு. மெஷ் வாங்கி மாட்டிய பிறகும் அதை அணைக்காமல் விட்டிருப்பார்கள். வீட்டில் இப்போது இரண்டு நெட்வொர்க்குகள் ஓடுகின்றன. டிவி ஒன்றில், போன் மற்றொன்றில். மோடத்தின் பக்கத்துக்குள் போய் (ஜியோஃபைபர் என்றால் 192.168.29.1, வேறு பல மோடங்களில் 192.168.1.1) அதன் 2.4, 5 இரண்டு ரேடியோவையும் அணையுங்கள். "பேண்டு பிரச்சினை" என்று வரும் புகாரில் கணிசமானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

இரண்டு, இப்போது எந்த பேண்டில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள சக்கரத்தைத் தொட்டால் பெரும்பாலான போன்களில் அலைவரிசை தெரியும். விண்டோஸ் 11-இல் வைஃபை ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் 'நெட்வொர்க் பேண்டு' என்று ஒரு வரி இருக்கிறது. மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்தியபடி மேலே உள்ள வைஃபை படத்தைச் சொடுக்கினால் சேனல் (பேண்டுக்குள் இருக்கும் எண்ணிட்ட உட்பிரிவு), சிக்னல் அளவு எல்லாம் வரும். ஐபோன் இதைக் காட்டாது. ஆப்பிளின் ஏர்போர்ட் யுடிலிட்டி ஆப்பை இறக்கி, போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கான பக்கத்தில் 'வைஃபை ஸ்கேனர்' என்ற பொத்தானை இயக்கினால், சுற்றியுள்ள நெட்வொர்க்குகளை சேனலோடு காட்டும். மெஷ் ஆப்பிலேயே ஒவ்வொரு சாதனத்துக்கும் எந்த நோட், எந்த பேண்டு என்று இருக்கும், அதுவே போதும்.

கோளாறு: புது பிளக் அல்லது பல்பு சேரவே மாட்டேன் என்கிறது

இதுதான் எல்லோரையும் இந்தத் தலைப்புக்கு இழுத்துவருவது. ஆப் நூறு வரை எண்ணிவிட்டு "இணைக்க முடியவில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா என்று பாருங்கள்" என்று கையை விரிக்கும்.

உள்ளே நடப்பது சுவாரசியமானது. மலிவான பிளக், பல்புகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் சிப் 2.4 மட்டும் கேட்கும். இஎஸ்பி8266 என்ற சின்னச் சில்லு இதற்குப் பெயர்போனது. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த பிளக்குக்கு உங்கள் வைஃபை பெயரும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. அதற்கு விசைப்பலகையும் கிடையாது. ஆகவே போன் ஒரு தந்திரம் செய்கிறது. காற்றில் வரிசையாகப் பாக்கெட்டுகளை அனுப்புகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சங்கேதக் குறியீடு மறைத்திருக்கும், ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டின் நீளம் வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். அந்த நீளங்களைக் கொண்டே பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொல்லிவிடுகிறது. பிளக் ஒவ்வொரு சேனலாகத் தாவி ஒட்டுக்கேட்டு, நீளங்களைக் கூட்டிப் படித்துக்கொள்கிறது.

போன் 5-இல் இருந்தால் அந்தப் பாக்கெட்டுகள் 5-இலேயே பறக்கும். பிளக்கின் காதுக்கு எட்டாது. ரவுட்டர் அவற்றை 2.4 பக்கமும் திருப்பி ஒலிபரப்பினால் சில நேரம் தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் எதிர்வீட்டில் முதல் தடவையே சேர்ந்த அதே பிளக் உங்கள் வீட்டில் அழும்பு செய்கிறது. சேர்ந்த பிறகு போன் எந்த பேண்டில் இருந்தாலும் கவலையில்லை. ஆக, பிரச்சினை இணைக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் மட்டும்தான். அதற்காக வீட்டு வைஃபையை நிரந்தரமாக வெட்டுவது தேவையில்லாத வேலை.

எளிதானதிலிருந்து போவோம்.

பிளக்கின் விளக்கு வேகமாகச் சிமிட்டினால் அது மேலே சொன்ன ஒட்டுக்கேட்கும் முறையில் இருக்கிறது. பொத்தானை இன்னொரு முறை சில விநாடி அழுத்திப் பிடித்தால் மெதுவாகச் சிமிட்டத் தொடங்கும். இப்போது பிளக்கே ஒரு சின்ன ஹாட்ஸ்பாட்டைக் கிளப்பியிருக்கிறது. ஸ்மார்ட் லைஃப், துயா வகை ஆப்களில் இதை ஏபி மோடு என்பார்கள். போனின் வைஃபை பட்டியலில் அந்த ஹாட்ஸ்பாட்டைத் தேர்ந்தெடுத்து, ஆப்புக்குத் திரும்பி உங்கள் வீட்டு வைஃபை விவரத்தைக் கொடுங்கள். ஹாட்ஸ்பாட்டே 2.4-இல் இருப்பதால் பேண்டுத் தகராறு எழாது. இங்கே ஒரு பொறி: போன் "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று கண்டுபிடித்து, சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆப் பிளக்கைத் தேடும், கிடைக்காது. அந்த இரண்டு நிமிடம் மொபைல் டேட்டாவை அணையுங்கள், விபிஎன் இருந்தால் அதையும். ஆண்ட்ராய்டில் ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்; அது இல்லாமல் வைஃபை பெயரையே ஆப்பால் படிக்க முடியாது.

புது சாதனங்கள் பலவும் ப்ளூடூத் வழியாகப் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்கின்றன. அப்படியானால் போன் எந்த பேண்டில் இருக்கிறது என்பதே கேள்வியில்லை. அப்போதும் சேரவில்லை என்றால் கோளாறு வேறிடத்தில், கொஞ்சம் கீழே வருகிறேன்.

மெஷ்ஷில் ஐஓடி நெட்வொர்க் (பல்பு, பிளக் போன்ற ஸ்மார்ட் சாதனங்களுக்கான தனி வைஃபை) என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, 2.4 மட்டும் தேர்ந்தெடுத்து, வேறு பெயர் கொடுங்கள். போனைத் தற்காலிகமாக அந்தப் பெயருக்கு மாற்றி, பிளக்கைச் சேர்த்துவிட்டு, போனைப் பழைய பெயருக்குத் திருப்பிவிடுங்கள். போனில் அந்த ஐஓடி பெயரை 'ஃபர்கெட்' செய்ய மறக்க வேண்டாம். இல்லையென்றால் ஒரு நாள் போன் தானாக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வசதி எதுவும் இல்லாத மெஷ் என்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தெருக் கேட் பக்கமோ மொட்டை மாடியின் கோடிக்கோ போங்கள். 5 அங்கே எட்டாது. போன் தானாக 2.4-க்கு இறங்கும். பிளக்கை அங்கேயே சேர்த்துவிட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து மாட்டுங்கள். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், வேலை நடந்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் இரண்டு போன் வித்தை. ஒரு போனில் ஹாட்ஸ்பாட் கிளப்பி, அதன் பெயரும் பாஸ்வேர்டும் வீட்டு வைஃபையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும்படி வையுங்கள். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் பேண்டை 2.4 என்று தேர்ந்தெடுக்கலாம். ஐபோன் 12-இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற பொத்தானை இயக்கினால் 2.4-க்கு வந்துவிடும். மெஷ்ஷை மெயின் ஸ்விட்சிலேயே அணைத்துவிட்டு, ஆப் உள்ள இரண்டாவது போனை ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, பிளக்கைச் சேருங்கள். முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்து மெஷ்ஷை ஏற்றுங்கள். அதே பெயர், அதே பாஸ்வேர்டு என்பதால் பிளக் எந்தக் கேள்வியும் கேட்காமல் மெஷ்ஷில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து 2.4-இல்தான் இருக்கிறீர்கள், இன்னும் சேரவில்லை என்றால் காரணம் பேண்டு அல்ல. பெரும்பாலும் பாதுகாப்பு முறை. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய சிப்புகளுக்கு அது புரியாது. 2-ம் 3-ம் கலந்த முறையிலும் சில சாதனங்கள் முரண்டு பிடிக்கும். ஐஓடி பெயருக்கு மட்டும் டபிள்யூபிஏ2 என்று வையுங்கள். அடுத்தது சேனல்: இந்தியாவில் 2.4-இல் 13 சேனல்கள் உண்டு, ஆனால் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த சாதனங்கள் பெரும்பாலும் 11-க்கு மேல் கேட்காது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த கேமரா வைஃபையையே பட்டியலில் காட்டவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

அப்புறம் பெயர். தமிழில் வைஃபை பெயர் வைக்க ஆசை எனக்கும் உண்டு. பெயருக்கு மொத்தம் 32 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக் குறியும் 3 பைட் பிடிக்கும், 'கி' என்றால் ககரத்துக்கு 3, கொக்கிக்கு 3. பத்துக் குறிக்கு மேல் கொள்ளாது. போன்கள் அழகாகக் காட்டும். பழைய பிரிண்டர் கட்டம் கட்டமாகக் காட்டும், சில பல்பு ஆப்கள் திணறும். தமிழ்ப் பெயரை போன்களின் நெட்வொர்க்குக்கு வைத்துக்கொண்டு, ஐஓடி பெயரை இடைவெளி இல்லாத ஆங்கில எழுத்துகளில் வைத்துவிடுங்கள்.

கோளாறு: பிரிக்கலாம் என்று பார்த்தால் மெனுவே இல்லை

இது கோளாறல்ல, அந்த மெஷ்ஷின் குணம். கூகுள் நெஸ்ட் வைஃபையில் இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர்தான், பிரிக்க வழியில்லை. ஈரோவிலும் நிரந்தரமாகப் பிரிக்க முடியாது. ஆனால் ஆப்பின் ட்ரபிள்ஷூட்டிங் பகுதியில் 5-ஐக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் வசதி உண்டு, பிளக் சேர்க்க அது தாராளம். டிபி-லிங்க் டெகோவில் மெயின் நெட்வொர்க்கின் 2.4, 5 இரண்டையும் தனித்தனியே இயக்கலாம், அணைக்கலாம். ஐஓடி நெட்வொர்க்கும் கெஸ்ட் நெட்வொர்க்கும் எந்த பேண்டில் என்று தேர்ந்தெடுக்கலாம். ஏசஸ் ஏஐமெஷ்ஷில் 'ஸ்மார்ட் கனெக்ட்' என்பதை அணைத்தால் இரண்டு பெயர்களும் தனித்தனியாக வந்துவிடும், நோட்டுகளும் அதையே பின்பற்றும்.

ஐஓடி வசதி இல்லை, கெஸ்ட் நெட்வொர்க் மட்டும் இருக்கிறது என்றால் அதை 2.4-இல் வைத்து பல்புகளை அங்கே விடலாம். அவை கிளவுட் வழியாக வேலை செய்பவை என்றால் சரி. அதே வைஃபைக்குள் போனிலிருந்து நேரடியாகப் பேச வேண்டிய சாதனம் என்றால் கெஸ்ட் ஒத்துவராது. கெஸ்ட்டில் உள்ளவை ஒன்றையொன்றும், வீட்டு நெட்வொர்க்கையும் பார்க்க முடியாமல் தடுத்துவைப்பதுதான் அதன் வேலை.

ஒரு எச்சரிக்கை. பிளக் சேர்ப்பதற்காக 5 ரேடியோவையே அணைக்கப் போகிறீர்கள் என்றால், நோட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் பெரும்பாலும் அதே 5-இல்தான் என்பதை மனதில் வையுங்கள். சில மெஷ்களில் மேல்மாடி நோட் அப்படியே அறுந்துபோகும். கீழ்த்தளத்தில் மெயின் யூனிட்டுக்குப் பக்கத்தில் நின்று வேலையை முடித்துவிட்டு 5-ஐ மறுபடி இயக்குங்கள். வைஃபை அனலைசர் ஆப்பில் பெயரில்லாத ஏதோ ஒன்று உங்கள் மெஷ் சேனலிலேயே பலமாகத் தெரிந்தால் பதற வேண்டாம், அநேகமாக நோட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மறைவு நெட்வொர்க்தான் அது.

கோளாறு: பெயரைப் பிரித்ததும் வீட்டில் உள்ள சாதனங்கள் மொத்தமும் ஆஃப்லைன்

பெயர் மாறினால் சாதனத்துக்கு அது வேறு வீடு. போனில் புதுப் பெயரைத் தட்டினால் முடிந்தது; கூரையில் பதித்த பல்புக்கு ஏணி போட வேண்டும்.

எனவே வெட்டுவது என்று முடிவானால், பழைய பெயரை 2.4-க்கே விட்டுவிடுங்கள். புதுப் பெயர் 5-க்குப் போகட்டும். புதுப் பெயரை அடிக்க வேண்டியது விசைப்பலகை உள்ள சாதனங்களில் மட்டும். பாஸ்வேர்டையும் தொடாதீர்கள். பழைய மோடத்தை மாற்றி மெஷ் வாங்குபவர்களுக்கும் இதே வழி: மோடத்தில் இருந்த பெயர், பாஸ்வேர்டு, டபிள்யூபிஏ2 மூன்றையும் அப்படியே மெஷ்ஷின் ஐஓடி பெயருக்குக் கொடுத்து, மோடத்தின் வைஃபையை அணைத்தால் பழைய பல்புகள் எல்லாம் தாமாக வந்து சேரும். ஏற்கெனவே பெயரை மாற்றித் தொலைத்திருந்தால் ஏணியை எடுக்க வேண்டாம், பழைய பெயரைத் திரும்ப 2.4-க்குக் கொடுங்கள்.

கோளாறு: பிரித்த பிறகு போன் முன்னைவிட மந்தம், அறை மாறினால் அழைப்பு அறுகிறது

இதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். ஒரு நோட்டிலிருந்து அடுத்த நோட்டுக்கோ, 5-இலிருந்து 2.4-க்கோ போன் சறுக்கிக்கொண்டு போவது ஒரே பெயருக்குள் மட்டும். பெயர் வேறானால் போனுக்கு அது அந்நிய நெட்வொர்க். கையில் இருப்பது செத்து விழும்வரை அடுத்ததைப் பெரும்பாலும் தேடாது. ஹாலில் 5 பெயரில் பேச ஆரம்பித்து, சமையலறை தாண்டிப் பின்கட்டுக்குப் போனால் குரல் விட்டு விட்டுக் கேட்டு, அறுந்து, சில விநாடிக்குப் பிறகு 2.4 பெயரில் திரும்பக் கிடைக்கும். அங்கிருந்து ஹாலுக்குத் திரும்பினாலோ போன் 2.4-லேயே சுகமாக இருக்கும்; மேலே ஏற அதற்குக் காரணம் இல்லை. "வேகமே வரலை" என்ற புகார் அங்கே பிறக்கிறது.

எந்த நோட்டுக்கு எப்போது தாவுவது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது போன்தான். ஆப்பிள் தன் கணக்கை வெளியிட்டிருக்கிறது: சிக்னல் -70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கப் பலம்) கீழே இறங்கினால்தான் ஐபோன் வேறு நோட்டைத் தேடத் தொடங்கும். டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் புதியது 8 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும், சும்மா இருந்தால் 12. மேக் இன்னும் பொறுமைசாலி, -75 வரை காத்திருக்கும். இதை வைத்துப் பார்த்தால் நோட்டுகளை ரொம்பப் பக்கத்தில் வைப்பதும் தப்பு என்பது புரியும். படுக்கையறை வாசலில் இன்னொரு நோட்டை வைத்துவிட்டு "ஏன் இதற்கு மாறவில்லை" என்று கேட்டால், ஹால் நோட்டின் சிக்னலே -60-இல் இருக்கும்போது அது ஏன் மாறப்போகிறது?

செய்ய வேண்டியது: இரண்டு பேண்டையும் பழையபடி ஒரே பெயரில் சேருங்கள். ஸ்மார்ட் கனெக்ட், நோட் மாறுவதை விரைவாக்கும் ஃபாஸ்ட் ரோமிங் இருந்தால் இயக்குங்கள். போன்களில் பழைய இரண்டு பெயர்களையும் மறக்கச் செய்யுங்கள். ஃபாஸ்ட் ரோமிங்கை இயக்கியதும் பழைய பிரிண்டரோ கேமராவோ விழுந்தால் அதை ஐஓடி பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் போனையும் டிவியையும் 5-க்குக் கட்டிப்போட நியாயம் உண்டு: நோட்டுக்கு நேரெதிரே இருக்கும் டிவி, வீம்பாக 2.4-இல் போய் உட்கார்ந்து படம் தேங்குகிறது என்றால். அதற்கும் பெயரைப் பிரிக்க வேண்டாம். டெகோ போன்றவற்றில் குறிப்பிட்ட சாதனத்துக்கு இந்த நோட், இந்த பேண்டு என்று விருப்பம் குறிக்கலாம். அதைவிட நல்லது, டிவிக்கு நோட்டின் பின்புறத்திலிருந்து ஒரு கேபிள்.

கோளாறு: மாடியில் 5-இல்தான் இருக்கிறேன், முழுக் கோடு காட்டுகிறது, வேகம் மட்டும் இல்லை

முழுக் கோடு என்பது போனுக்கும் மாடி நோட்டுக்கும் நடுவில். மாடி நோட்டுக்கும் கீழ்த்தள நோட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. இரண்டு பேண்டு மெஷ்ஷில் உங்களிடமிருந்து வாங்குவதும், கீழே அனுப்புவதும் ஒரே 5 ரேடியோ. ஒரு தாவலுக்கு வேகம் ஏறக்குறைய பாதியாகும். நடுவில் கான்கிரீட் தளமும், நோட்டுக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோவும் இருந்தால் பாதியிலும் பாதி. இதில் பேண்டைப் பிரித்து எந்தப் பயனும் இல்லை.

நோட்டை மாடியின் கோடி அறையிலிருந்து மாடிப்படி தலைப்புக்கு நகர்த்திப் பாருங்கள். படிக்கட்டுத் திறப்பு வழியாக அலை இறங்கும். கான்கிரீட்டைத் துளைக்க வேண்டியதில்லை. நிரந்தரத் தீர்வு, நோட்டுக்கு நோட் கேபிள் இழுப்பது.

கேபிள் இழுத்தும் வேகம் 90, 94 என்று வந்து சுவரில் முட்டியதுபோல் நின்றால் அது தனிக் கதை. எலக்ட்ரீசியன் எட்டுக் கம்பியில் நாலை மட்டும் கிரிம்ப் செய்திருப்பார், "நாலு போதும் சார், நெட் வருதுல்ல" என்பார். வரும், 100 எம்பிபிஎஸ்ஸில் வரும். ஜிகாபிட் ஓட எட்டுக் கம்பியும் வேண்டும். கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எட்டுத் தங்கப் பல்லுக்கும் பின்னால் வண்ணக் கம்பி தெரிய வேண்டும். நடுவில் ஒரு பழைய 100 எம்பிபிஎஸ் சுவிட்ச் ஒளிந்திருந்தாலும் இதே எண்தான் வரும்.

கோளாறு: 5 பெயர் மட்டும் திடீரென்று காணாமல் போய்த் திரும்ப வருகிறது

மெஷ் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ஒன்றில் இருக்கிறதா என்று அனலைசரில் பாருங்கள். அந்தப் பகுதியை வானிலை ரேடார் போன்றவற்றோடு பகிர்ந்துகொள்கிறோம். ரேடாரைக் கேட்டதாக நோட்டுக்குத் தோன்றினால் விதிப்படி உடனே அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும். இன்னொரு ரேடார் பகுதிச் சேனலுக்குப் போனால், பேசத் தொடங்கும் முன் குறைந்தது ஒரு நிமிடம் சும்மா காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் உங்கள் 5 காணாமல் போவது. எல்லாம் ஒரே பெயரில் இருக்கும் வீட்டில் போன் 2.4-க்கு இறங்கிவிடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். பிரித்த வீட்டில் பெயரே மறைந்துவிடும்.

சேனலை 36 முதல் 48-க்குள்ளோ, 149-இலோ அதற்கு மேலோ நிறுத்துங்கள். அகலம் 160 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால் 80-க்குக் குறையுங்கள்; 5-இல் 160 வேண்டுமென்றால் ரேடார் பகுதியைத் தொடாமல் முடியாது. சேனலைத் தேர்ந்தெடுக்க விடாத மெஷ்ஷில் 'நெட்வொர்க் ஆப்டிமைசேஷன்' போன்ற ஒரு பொத்தான் இருக்கும், அதை ஓட்டிப் பாருங்கள். டிவி ஒன்றுக்கு மட்டும் 5 பெயர் எப்போதுமே தெரியவில்லை, போனுக்குத் தெரிகிறது என்றாலும் சேனலை 36-க்கு மாற்றிப் பாருங்கள்; சில டிவிகளும் பழைய ஸ்டிக்குகளும் நடுச் சேனல்களைத் தேடுவதில்லை.

கோளாறு: போன் 5-இல், பிரிண்டர் 2.4-இல், ஒன்றையொன்று தெரியவில்லை

"ரெண்டும் ஒரே பேண்டில் இருக்கணும்" என்று சொல்வார்கள். வேண்டியதில்லை. இரண்டு பேண்டும் ஒரே வீட்டு நெட்வொர்க்கின் இரண்டு வாசல்கள், உள்ளே ஒன்றுதான். தெரியவில்லை என்றால் இரண்டின் ஐபி முகவரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன் 192.168.68 என்று தொடங்குகிறது, பிரிண்டர் 192.168.1 என்று தொடங்குகிறது என்றால் ஒன்று மெஷ்ஷிலும் மற்றொன்று மோடத்திலும் மாட்டியிருக்கிறது. மோடத்தின் வைஃபையை அணைப்பது, அல்லது மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (முகவரி கொடுக்கும் வேலையை மோடத்திடம் விட்டுவிட்டு வைஃபையை மட்டும் பரப்பும் முறை) மாற்றுவது, இரண்டில் ஒன்று. முகவரிகள் ஒரே தொடக்கம் என்றால் பிரிண்டர் கெஸ்ட்டிலோ, தனிமைப்படுத்தும் பொத்தான் போட்ட ஐஓடி பெயரிலோ மாட்டிக்கொண்டதா பாருங்கள். டிவிக்கு காஸ்ட் செய்யும் படம் வராததற்கும் இதே சோதனை.

கோளாறு: 2.4 பெயரில் உள்ளவை மட்டும் அவ்வப்போது விழுந்து எழுகின்றன

அடுக்குமாடிக் குடியிருப்பில் இது சகஜம். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள், 40 வேண்டாம். சேனல் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்த ஒன்று. மற்ற எண்களைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கத்தாரோடும் உரசும். சமையலறைப் பிளக் சாப்பாடு சூடாக்கும் நேரத்தில் மட்டும் விழுந்தால் மைக்ரோவேவ்தான் குற்றவாளி, அது இயங்குவதும் 2.45 கிகாஹெர்ட்ஸில். நோட்டுக்குப் பின்னாலேயே யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தால் அதையும் ஒரு கேபிள் நீளத்துக்குத் தள்ளி வையுங்கள். அந்த இணைப்பு 2.4 பகுதியில் இரைச்சல் கிளப்பும் என்பதை இன்டெல்லே 2012-இல் எழுதிவைத்திருக்கிறது.

கோளாறு: எல்லாம் நன்றாக ஓடியது, ஒரு காலையில் பிரித்த பெயர்கள் மறுபடி ஒன்றாகிவிட்டன

இரவில் ஃபர்ம்வேர் (மெஷ் பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பித்திருக்கும், அல்லது யாரோ ரீசெட் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். ஆப்பில் ஃபர்ம்வேர் பதிப்பையும் தேதியையும் பாருங்கள். ஐஓடி பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை, சேனல் நான்கையும் ஒரு சீட்டில் எழுதி மெயின் யூனிட்டின் அடியில் ஒட்டிவைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லையென்றாலும் பெயரும் பாஸ்வேர்டும் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு ஆண்ட்ராய்டு போனில் சேமித்த நெட்வொர்க்குகளின் பட்டியலில் கிடக்கும்; 'ஷேர்' தொட்டால் க்யூஆர் படத்தோடு பாஸ்வேர்டும் வரும். ஐஓடி பெயரை போனில் ஃபர்கெட் செய்யச் சொன்னேன் அல்லவா, அதற்கு முன் இந்தப் படத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.